மெழுகும் முடிச்சும்: இரண்டு பெண் சிற்பிகள்

சிற்பம் என்றவுடன் எம்மில் பலருக்கு நினைவில் வருவது கோயில்தான். கருங்கல்லில் செதுக்கிய மூலவர், தேரில் அடுக்கடுக்காக இருக்கும் மரப் பாவைகள், கோபுரத்தில் சீமெந்தால் செய்து வர்ணம் பூசிய துவாரபாலகர்கள். அதற்கு அடுத்தபடியாகச் சந்திகளில் நிற்கும் பெரியவர்களின் சிலைகள். இவற்றைச் செய்தவர் யாரென்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் ஓர் ஆசாரியாரின் பெயரோ ஸ்தபதியாரின் பெயரோதான் சொல்லப்படும். பெண்ணொருத்தியின் பெயர் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை. கல்லுக்கும் உலைக்கும் பெண்ணின் கை போதாது என்ற எண்ணம் எம்மிடையே இன்னமும் இருக்கின்றது. உரலில் மா இடித்த கை, வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிய கை, இடப்பெயர்வில் பிள்ளையையும் மூட்டையையும் ஒன்றாகத் தூக்கிய கை எல்லாம் யாருடையவை என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

இம்முறை இரண்டு பெண் சிற்பிகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். இருவரும் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் முகர்ஜி என்பதே குடும்பப் பெயர். ஆனால் உறவுக்காரர் அல்லர். மூத்தவர் மீரா முகர்ஜி (1923–1998). மெழுகில் உருவம் செய்து அதை வெண்கலமாக வார்த்தவர். இளையவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுப் போட்டே ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தவர். இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சுன்னாகத்தில் பனையோலை வேலையும் தும்பு வேலையும் செய்யும் பெண்கள் குழுவொன்றுடன் நான் பணியாற்றி வருகிறேன். அவர்களில் பலர் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் இருந்த முகாம்களில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். சிலர் 2009 வரை வன்னியில் இருந்து, எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். கலை கற்பிக்கும் நண்பி ஒருத்தியிடம் இருந்த புத்தகங்களில் சில படங்களைக் கலர்ப் பிரதி எடுத்து, எமது மாதாந்தக் கூட்டத்தில் அவர்களுக்குக் காட்டினேன். அன்று தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை.

முதலில் மீராவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கல்கத்தாவில் பிறந்தவர். சிறு வயதில் அபனீந்திரநாத் தாகூரின் கலைப்பள்ளியில் சித்திரம் பயின்றார். 1941 இல் திருமணம் நடந்தது, படிப்பு நின்றது. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பிரிந்து வந்த பின்னர் மீண்டும் படிக்கப் போனார். டில்லி பொலிரெக்னிக்கில் டிப்ளோமா பெற்றார். 1953 இல் புலமைப்பரிசில் கிடைத்து ஜேர்மனியின் மியூனிச் நகரக் கலைக்கழகத்துக்குச் சென்றார். உலக யுத்தம் முடிந்து எட்டு வருடங்களே ஆகியிருந்தன. குண்டுவீச்சால் பாதி நகரம் சிதைந்து, திருத்த வேலைகள் நடந்துகொண்டிருந்த காலம். அங்கு ரொனி ஸ்ரட்லர், ஹைன்ரிச் கிர்ஷ்னர் ஆகிய சிற்பிகளிடம் கற்றார்.

ஊர் திரும்பியவருக்கு, படித்த படிப்பில் தன்னுடைய மொழி இல்லை என்ற உணர்வு இருந்தது. சில காலம் பாடசாலைகளில் சித்திர ஆசிரியராக வேலை செய்தார். 1960களின் தொடக்கத்தில் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் உலோகக் கைவினைஞர்களைப் பற்றிய ஆய்வொன்றை மேற்கொண்டார். பஸ், ரயில், மாட்டுவண்டி என்று இந்தியாவின் பல பகுதிகளுக்கும் அலைந்தார். பித்தளை வார்ப்பவர், மணி செய்பவர், விளக்குச் செய்பவர் என்று ஒவ்வொருவரின் வேலையையும் வாழ்க்கையையும் எழுதினார். அந்த ஆய்வு 1978 இல் புத்தகமாக வெளிவந்தது. அதைவிட முக்கியமானது, மத்திய இந்தியாவில் பஸ்தர் என்னும் காட்டுப் பிரதேசத்தில் அவர் செய்த காரியம். அங்கு கட்வா என்னும் வார்ப்புத் தொழில் செய்யும் மக்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் படித்த பெண், குறிப்புப் புத்தகத்துடன் ஆய்வு செய்யப் போன பெண், அவர்களுக்கு முன்னால் நிலத்தில் இருந்து மாணவியாகத் தொழில் பழகினார்.

எமக்கு இந்த இடம் புதிதல்ல. படிவத்துடன் வருபவர்களை எம் பெண்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறார்கள். நானும் படிவத்துடன்தான் போகிறேன். எத்தனை பேர், என்ன இழப்பு, மாத வருமானம் என்ன, கையொப்பம் எங்கே. இதைச் சொன்னபோது ஓர் அக்கா கேட்டார்: "படிவம் நிரப்ப வந்த ஆர் பிள்ளை எங்களட்டைப் பாய் இழைக்கப் பழகினது?" எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் எனக்குப் பெட்டி இழைப்பதில் முதற்பாடம் நடந்தது என்பதை மட்டும் இங்கு சொல்லிவைக்கிறேன்.

கட்வாக்களின் முறை இதுதான். முதலில் களிமண்ணால் உள்ளுருவத்தைச் செய்து காயவைப்பார்கள். தேன்மெழுகுடன் குங்கிலியம் போன்ற பிசினைச் சேர்த்து உருக்கி, துளையுள்ள அச்சினால் நூல் நூலாகப் பிழிந்தெடுப்பார்கள். நாங்கள் இடியப்ப உரலில் மாப் பிழிகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. அந்த மெழுகு நூலை மண் உருவத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டுவார்கள். கண்ணும் மூக்கும் கழுத்து மாலையும் எல்லாம் மெழுகு நூலே. அதன்மேல் மிக மென்மையான களிமண்ணைப் பூசி, அது காய்ந்த பின் தடித்த மண்ணைப் பூசுவார்கள். உலையில் வைத்துச் சுடும்போது உள்ளே இருக்கும் மெழுகு உருகிப் போய்விடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். அந்த வெற்றிடத்துக்குள் உருகிய உலோகம் ஓடும். ஆறிய பின்னர் வெளிமண்ணை உடைத்தால் மெழுகில் போட்ட ஒவ்வொரு நூலும் உலோகமாக நிற்கும். ஓர் அச்சில் ஓர் உருவந்தான். உடைத்த அச்சு திரும்பவும் உதவாது.

சோழர் காலத்து நடராஜர்களும், பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் இருக்கும் வெண்கலச் சிலைகளும் மெழுகு வார்ப்பில் வந்தவைதாம். ஆனால் அவை பெரும்பாலும் உள்ளே மண் வைக்காத கனத்த வார்ப்புகள். வார்த்த பின் உளியால் செதுக்கி மினுக்கி எடுப்பார்கள். மீரா மினுக்கவில்லை. மெழுகு நூலின் வரி, விரல் அழுத்திய அடையாளம், துண்டும் துண்டும் பொருந்திய வடு எல்லாவற்றையும் அப்படியே விட்டார். அவருடைய சிற்பங்களின் தோல் உழுத நிலம்போல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சிறு பொருட்களுக்கென்று இருந்த முறையை அவர் மிகப் பெரிய உருவங்களுக்குக் கொண்டுபோனார். பெரியது என்றால் ஒரே தடவையில் வார்க்க முடியாது. பல துண்டுகளாக வார்த்து ஒன்றாக இணைக்க வேண்டும். உலை எரியும் நாளில் பல கைகள் வேண்டும். தனியே அறைக்குள் இருந்து செய்யக்கூடிய வேலை அல்ல அது.

அவர் எவற்றைச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தெய்வங்களையும் செய்தார். ஆனால் அதிகம் செய்தது படகு வலிப்பவர்களை, மண் சுமப்பவர்களை, மரத்தடியில் கொல்லு வேலை செய்பவர்களை, ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்களை, ஊர்வலம் போகும் கூட்டத்தை. சும்மா நிற்கும் உருவம் குறைவு. எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருப்பார்கள். 'வதந்தி' என்று ஒரு சிற்பம் இருக்கிறது. பெயரைச் சொன்னவுடனேயே எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகாமில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

மீராவின் பேர்போன சிற்பம் 'கலிங்கத்தில் அசோகன்'. 1972 இல் செய்யப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம். புதுடில்லியில் ஐ.ரி.சி. மௌரியா ஹோட்டலில் வைக்கப்பட்டிருக்கிறது. போரில் வென்ற அரசன் அழிவைக் கண்டு மனம் கலங்கி நிற்பதே அதன் பொருள். அவர் அதைச் செய்த காலத்தையும் நினைக்க வேண்டும். கல்கத்தா அரசியல் கொலைகளால் கலங்கியிருந்தது. 1971 இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக எல்லை தாண்டி வந்திருந்தார்கள். அசோகன் எமக்கும் முற்றிலும் அந்நியன் அல்ல. அவனுடைய மகள் சங்கமித்தை வந்திறங்கியதாகச் சொல்லப்படும் சம்புகோளத் துறை மாதகல் பக்கத்தில்தான் இருக்கிறது.

அசோகனின் பதின்மூன்றாவது பாறைக் கல்வெட்டில் கலிங்கப் போரின் கணக்கு இருக்கிறது. ஒன்றரை இலட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கானோர் இறந்தார்கள் என்று அவனே எழுதுவித்து, அதற்காக வருந்துவதாகவும் சொல்கிறான். இதை வாசித்துக் காட்டினேன். கூடவே இன்னொரு செய்தியையும் சொன்னேன். இந்த வருத்தம் வேறு இடங்களில் உள்ள பாறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. கலிங்க நாட்டுக்குள்ளேயே இருக்கும் தௌலி, ஜௌகடா என்னும் இரண்டு இடத்துக் கல்வெட்டுகளில் இல்லை. அங்கே நல்லாட்சி பற்றிய வேறு அறிவுரைகள்தாம் பொறிக்கப்பட்டுள்ளன. இழந்த சனம் வாழ்ந்த இடத்தில் அந்த வருத்தத்தை எழுதவில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெண்டவன் அழுதால் அவனுக்கு இவ்வளவு பெரிய சிலை. அழுத சனத்துக்கு எங்கை சிலை?" நான் பதில் சொல்லவில்லை. மண் சுமக்கும் பெண்களின் படத்தை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அது அளவில் மிகச் சிறியது. என்னைக் கேட்டால் மீராவின் உண்மையான பலம் அந்தப் பேரரசனில் இல்லை, பெயரில்லாத இந்தச் சிறிய மனிதர்களில்தான் இருக்கிறது.

மிருணாளினியின் வழி வேறு. மீரா தேடித் திரிந்து பெற்றதில் ஒரு பங்கு அவருக்குப் பிறந்த வீட்டிலேயே கிடைத்தது. தாய் லீலா முகர்ஜி மரத்தில் செதுக்கிய சிற்பி. தந்தை பெனோட் பிகாரி முகர்ஜி சாந்திநிகேதனின் பெரிய ஓவியர். கண் பார்வையை முற்றாக இழந்த பின்னரும் கடதாசியை வெட்டி ஒட்டிக் கையின் உணர்வாலேயே கலை செய்தவர். பரோடாவில் படித்தபோது மிருணாளினிக்கு ஆசிரியராக அமைந்தவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் பிறந்து, சென்னையில் படித்து, 1942 இல் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். கிராமத்துக் கைவேலைக்கும் கலைக்கும் இடையில் சுவர் எழுப்பக்கூடாது என்று கற்பித்தவர். அவரிடம் படிக்கும்போதுதான், 1970களின் தொடக்கத்தில், மிருணாளினி நாரில் கை வைத்தார்.

அவருடைய முறையைச் சொல்வது இலகு. செய்வதுதான் கடினம். சந்தையில் விற்கும் சணல் கயிற்றை வாங்குவார். தடிப்பு வாரியாகப் பிரித்துச் சாயத்தில் தோய்ப்பார். மஞ்சள், கருநீலம், ஊதா, காய்ந்த இரத்தத்தின் நிறம். இரும்புச் சட்டமொன்றில் கட்டிக்கொண்டு முடிச்சுப் போடத் தொடங்குவார். தறி இல்லை. ஊசி இல்லை. முன்கூட்டி வரைந்த படமும் இல்லை. முடிச்சு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உருவம் வளரும். ஓர் உருவத்துக்குப் பல மாதங்கள் செல்லும், சிலவற்றுக்கு ஒரு வருடமும் செல்லும். உதவிக்கு ஆள் இருந்தாலும் எது எங்கே மடிய வேண்டும் என்பது அவருடைய விரல் எடுக்கும் முடிவு.

முடிந்தபின் அவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள் தெய்வங்களுடையவை, வனத்தினுடையவை. யக்ஷி, தேவி, ருத்ரா, வனஸ்ரீ, பக்ஷி. ஆனால் எந்தக் கோயிலிலும் இல்லாத தெய்வங்கள். முகம் தெளிவாக இராது. பெரிய பூவொன்று விரிந்ததுபோல், மரமொன்று ஆடை கட்டி நிற்பதுபோல், மடிப்புக்குள் மடிப்பாக இருக்கும். சில மடிப்புகள் பெண்ணுடலை மிக வெளிப்படையாகவே நினைவூட்டும். கூட்டத்தில் படம் கைமாறியபோது இளம் பெண்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்து வடிவாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவைக்கு இது விளங்கும், இதிலை சிரிக்க என்ன கிடக்கு" என்றார். நான் அதுவரை வாசித்த கலை விமர்சனங்களில் எதுவும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

மிருணாளினி நெடுங்காலம் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்று இருந்தது. இது சிற்பமா, கைப்பணியா? கயிறு முடிவது பெண்கள் வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்வது, பூச்சாடி தொங்கவிடச் செய்வது, அதை எப்படிக் கல்லோடும் உலோகத்தோடும் சமமாக வைப்பது என்பது பலரின் எண்ணம். 1978 இல் புலமைப்பரிசிலில் இங்கிலாந்து சென்று படித்தார். 1994 இல் ஒக்ஸ்போர்ட்டில் அவருடைய கண்காட்சி நடந்தது. இருந்தும் அவர் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது இறந்த பின்னரே. 2015 ஜனவரி இறுதியில் புதுடில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் கண்காட்சி திறக்கப்பட்டது. அவர் அப்போது கடும் நோயுற்றிருந்தார். ஒரு வாரத்துக்குள், பெப்ரவரி 2 இல், காலமானார். நியூயோர்க்கில் 2019 இல் மெட் புரோயர் நூதனசாலையில் நடந்த பெரிய கண்காட்சியை அவர் காணவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், கலைக்கும் கைவினைக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை, அதைச் செய்பவர் சமூகத்தில் எங்கே இருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது என்று படித்தோம். விரிவுரை மண்டபத்தில் அது இலகுவான வசனம். சந்தையில் அதுவே விலையாகிறது. சார்வோலையை வெயிலில் காயப்போட்டு, பனியில் விட்டு, வாட்டி வகிர்ந்து, சாயம் காய்ச்சி, இரண்டு நாள் இருந்து இழைத்த பெட்டிக்குக் கிடைப்பது ஒரு நாள் கூலிக்கும் வராது. அதை வாங்குபவரும் 'பாவம், உதவி செய்வோம்' என்றே வாங்குகிறார். நீத்துப்பெட்டியின் வாயும் அடியும் எப்படி ஒன்றாகச் சேர்கின்றன என்று ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

மீண்டும் இருவரின் முறைக்கு வருகிறேன். எங்கள் பெண்கள் பேசியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிழை பற்றிய பேச்சு. தும்புக் கயிறு திரிக்கும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, உலோகம் ஊத்தேக்கை எங்கயாவது அடைச்சுப்போட்டால் என்ன செய்யிறது?" ஒன்றும் செய்ய முடியாது என்றேன். மெழுகு போய்விட்டது, அச்சையும் உடைத்தாயிற்று, முதலில் இருந்து தொடங்க வேண்டும் அல்லது அந்தக் குறையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். மீரா சில இடங்களில் குறையையும் உருவத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டார். "அப்ப கயிறு நல்லது," என்றாள் தங்கச்சி. "பிழைச்சால் அவிழ்க்கலாம்." அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் உடனே மறுத்தார். அவிழ்த்த கயிறு பழைய கயிறாக இராது, முறுக்கு விட்டுப்போகும், சாயம் வெளிறும், எத்தனை முறை அவிழ்த்தது என்று கயிற்றைப் பார்த்தே சொல்லலாம் என்றார். இருவரும் சொன்னது சரி. மிருணாளினியின் உருவங்கள் வளரும்போதே திருத்தப்பட்டவை. அதனால்தான் அவை செடியைப் போல் இருக்கின்றன. மீராவினுடையவை ஒரு நாளில், ஒரு நெருப்பில், ஆம் அல்லது இல்லை என்று முடிவானவை. அந்த நாளுக்கு முன்பிருந்த மாதக்கணக்கான வேலை முழுவதும் அந்த ஒரு நாளை நம்பியே இருக்கும்.

இன்னொரு வேறுபாடு காலத்துடன் தொடர்புடையது. வெண்கலம் நிலத்தில் புதைந்தாலும் ஆயிரம் வருடம் கிடக்கும். சணல் அப்படியல்ல. வெளிச்சத்தில் நிறம் போகும், பாரத்தில் தொய்யும், பூச்சி அரிக்கும். ஓலையும் அப்படித்தான். இடம்பெயர்ந்து போய் வந்த வீடுகளில் வெண்கலச் செம்பும் குத்துவிளக்கும் களவு போயிருந்தன. பாயும் பெட்டியும் கறையான் தின்று கிடந்தன. எது நீடிக்கும் என்ற கேள்விக்கு எம் ஊரின் பதில் கொஞ்சம் வேறு.

வாழ்க்கையின் பிற்பகுதியில் இந்த இருவரும் ஒருவருடைய பொருளை மற்றவர் எடுத்ததுபோல் நடந்துகொண்டார்கள். மீரா, கல்கத்தாவுக்கு அண்மையில் எலாச்சி என்னும் கிராமத்தில் பிள்ளைகளையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு துணியில் நூல் வேலை செய்தார். பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தா வேலையின் வழி அது. உலைக்காரி ஊசியை எடுத்தார். மிருணாளினியோ 1990களின் நடுப்பகுதியில் மண்ணுக்கு மாறினார். நெதர்லாந்தில் உள்ள மட்பாண்டக் கலை நிலையம் ஒன்றில் தங்கி வேலை செய்தார். 2000க்குப் பின்னர் மெழுகைக் கையில் எடுத்து வெண்கலம் வார்த்தார். அவருடைய கடைசி வருடங்களின் வெண்கலங்கள் சில பனை, தென்னை இனத்து மட்டைகளையும் பாளைகளையும் நினைவூட்டுபவை. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். ஒருவர் "காவோலை" என்றார். மற்றவர் "இல்லை, பாளை விரியுது" என்றார்.

யார் பெரியவர் என்று என்னிடம் கேட்டால் மனம் மீராவின் பக்கம்தான் சாய்கிறது. தெரியாதவர் முன்னால் போய் இருந்து படிக்கும் துணிவு அவரிடம் இருந்தது. ஆனால் சுன்னாகத்தில் ஓர் ஓட்டுக் கொட்டிலுக்குள் இருக்கும் எங்களுக்கு உதவக்கூடியது மிருணாளினியின் வழி. உலை வேண்டாம், பித்தளை வேண்டாம், பல பேரின் கூலி வேண்டாம். கயிறும் விரலும் போதும். பிள்ளை அழுதால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட முடிச்சில் தொடங்கலாம்.

இந்தப் பேச்சு அன்றோடு நிற்காமல் போனதற்கு ஒரு சிறிய அட்டை காரணம். எங்கள் பொருட்களைக் கொழும்பில் விற்றுத் தருவதாகச் சொன்ன ஓர் அமைப்பு, ஒவ்வொரு பெட்டியிலும் கட்டும்படி அட்டைகளை அச்சடித்து அனுப்பியிருந்தது. 'போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவண்ணம்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. நல்ல எண்ணத்துடன்தான் அனுப்பினார்கள். மறு கூட்டத்தில் அட்டைகளைப் பிரித்துக் கொடுத்தபோது, அசோகனைப் பற்றிக் கேட்ட அதே அம்மா கேட்டார்: "அந்த மீராவின்ரை சிலையிலை 'புருசனை விட்டு வந்த பெண் செய்தது' எண்டு எழுதியிருக்கோ?"

இல்லை என்றேன்.

"அந்த மற்றப் பிள்ளையின்ரை கயிற்றுச் சிலையிலை?"

அதில் அவருடைய பெயரும், சிற்பத்தின் பெயரும், வருடமும், சணல் என்ற சொல்லும் மட்டும் எழுதியிருக்கும் என்றேன்.

எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒருவர், அட்டை இருந்தால் பத்துப் பெட்டி போகுமென்றால் இருக்கட்டும், ரியூசன் காசுக்கு ரோசம் பார்க்க ஏலாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெயர் எழுதலாம் என்றபோது இன்னொருவர் மறுத்தார். தன் பெயரைப் பார்த்து யாராவது தேடி வந்து பழையதைக் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் காரணமில்லாதது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு கூட்டங்கள் பேசினோம். முடிவில் நாங்களே புதிய அட்டை எழுதினோம். பொருளின் பெயர், ஓலையின் வகை, இழைக்கச் சென்ற நாட்கள், ஊர் சுன்னாகம். விரும்பியவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள். விரும்பாதவர்கள் தாங்கள் தெரிந்த ஓர் அடையாளத்தை ஓலையில் இழைத்தார்கள், ஒருவர் மூன்று சிவப்புக் கட்டம், ஒருவர் மீன் முள்ளு. பெரியதொரு தொகையை அச்சடித்த அட்டையுடனேயே அனுப்பினோம். இருபது பெட்டிகளை மட்டும் புதிய அட்டையுடன் அனுப்பினோம். எது எப்படி விற்றது என்ற கணக்கு இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் தும்புக் கயிறு திரிக்கும் அந்தத் தங்கச்சி, வேலை முடிந்த பின்னர் தினமும் அரை மணித்தியாலம் நின்று ஒன்றை முடிந்துகொண்டிருக்கிறாள். கொட்டிலின் வளையில் ஒரு பழைய சைக்கிள் றிம்மைத் தொங்கவிட்டு அதிலிருந்து தொடங்கியிருக்கிறாள். முதல் தடவை பாரம் தாங்காமல் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தது. பாதியை அவிழ்த்துத் திரும்ப முடிந்தாள். அவிழ்த்த இடம் எது என்று கயிற்றில் தெரிகிறது, அவள் அதை மறைக்கவில்லை. இப்போது என் தோளளவுக்கு வந்துவிட்டது. யாரும் ஓடர் கொடுத்த பொருள் அல்ல. என்னவென்று கேட்டவர்களுக்கு அவள் இன்னும் பெயர் சொல்லவில்லை. கயிறு முடிந்துவிட்டதால் மூன்று நாளாக அப்படியே நிற்கிறது. வருகிற கிழமை சுன்னாகம் சந்தைக்குப் போகும்போது இன்னும் நாலு கட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.